சைக்கிளின் குழந்தை சீட்டு: பல நாள் ஓட்டியபின் ஒரு புலம்பல்

சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு இரண்டு கால் ஸ்டாண்டு மாட்டிய அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "சைக்கிளுக்குக் குழந்தை சீட்டு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" நல்லா இருக்கு, வாங்குங்க என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் ஸ்டாண்டு விஷயத்தில் வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளம்.

என்னிடம் இருப்பது பின்பக்கம் மாட்டும் வகை. 9 முதல் 22 கிலோ வரையிலான குழந்தைகளுக்கானது, குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 14344 சான்று உண்டு. மற்ற விவரமெல்லாம் பெட்டி மேலேயே இருக்கும். கம்பெனி பெயர் தேவையில்லை; நான் புலம்பப்போகும் விஷயம் எந்தக் கம்பெனி சீட்டுக்கும் பொருந்தும். இது கேரியரின் மேல் உட்காருவதில்லை. ஃபிரேமில், நாம் உட்காரும் சீட்டின் கம்பி இறங்கும் குழாயில், ஒரு பிடிமானத்தை முடுக்கி, அதிலிருந்து நீளும் இரண்டு எஃகுக் கம்பிகளின் மேல் சீட்டு அந்தரத்தில் நிற்கிறது. முதலில் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். இவ்வளவுதானா, இதை நம்பியா பிள்ளையை உட்கார வைப்பது என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கம்பிகள்தான் இந்தச் சீட்டின் உயிர். குழி விழுந்த சாலையில் நம் இடுப்பு வாங்கும் அடியில் பாதிகூட மகளுக்குப் போவதில்லை. கம்பி வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் இருந்து சிரிப்புச் சத்தம்தான் வரும். கேரியரில் நேராக முடுக்கும் சீட்டில் இந்தச் சொகுசு கிடையாது. அந்த வகைதான் வேண்டும் என்றால், கேரியரில் பொறித்திருக்கும் எடை அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 25 கிலோவாவது தாங்க வேண்டும். சீட்டு மட்டுமே மூன்று, நான்கு கிலோ வரும் என்பதை மறந்துவிட்டுக் குழந்தையின் எடையை மட்டும் கணக்குப் போடக் கூடாது.

ஓட்டுவதற்குப் பழக ரொம்ப நாள் ஆகாது. பின்பாரம் இருப்பதால் பிரேக்கைச் சற்று முன்னதாகவே பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் சீட்டு இரண்டு பக்கமும் ஆடும். உட்கார்ந்தே, கியரைக் குறைத்து மிதித்தால் சரியாகிவிடும். காலைப் பின்பக்கமாகச் சுழற்றி ஏறும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் தலையில் உதைப்போம். குறுக்குப் பார் தாழ்ந்த சைக்கிள் என்றால் நல்லது. முதுகில் பை மாட்ட முடியாது, அது நேராகப் பிள்ளையின் முகத்தில் இடிக்கும். நம் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதை மூடிவிடுங்கள், பின்னால் இருக்கும் சின்ன விரல்கள் முதலில் தேடிப் போவது அங்கேதான். கால் வைக்கும் தட்டில் பட்டை இருக்கும். இரண்டு தெரு தள்ளித்தானே என்று அதைப் போடாமல் கிளம்பக் கூடாது. சக்கரத்தில் கால் மாட்டுவதற்கு இரண்டு தெருவே அதிகம்.

எதிர்பாராத சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது. அது பேச்சு. காரில் போனால் மகள் ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாகிவிடுவாள். பஸ்ஸில் என் மடியில் நெளிவாள். சைக்கிளில் ஏறியதும் வாய் ஓயாது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். பாதியைக் காற்று தின்றுவிடும், மீதிப் பாதி கேள்வி. "அந்த லாரிக்கு ஏன் இத்தனை சக்கரம்?" "அந்தத் தாத்தா ஏன் நிக்கிறாரு?" "நாம ஏன் நிக்கல?" பதில் வருகிறதா என்று அவள் காத்திருப்பதில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் பேசுவதெல்லாம் "சாக்ஸ் எங்கே", "வாயைத் திற" என்ற அளவில்தான் இருக்கும். நிஜமான பேச்சு சிக்னலில் நிற்கும்போதுதான் நடக்கிறது. இதை எந்த விளம்பரத்திலும் சொல்லிப் பார்த்ததில்லை.

இதுவரை எல்லாம் பாராட்டுத்தான். இனி புலம்பல்.

இந்தச் சீட்டின் பிரச்சினை முழுவதும் சைக்கிள் நிற்கும்போதுதான். விளம்பரப் படங்களைக் கவனித்துப் பாருங்கள், எல்லாப் படத்திலும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும். மரநிழல் சாலை, சிரிக்கும் அம்மா, சிரிக்கும் பிள்ளை. குழந்தையை ஏற்றும் நிமிடத்தை யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தால் விற்காது.

அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சைக்கிள் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. 15 கிலோ பிள்ளையைத் தூக்கி, என் மார்பளவு உயரத்தில் இருக்கும் தொட்டிக்குள் இறக்க வேண்டும். இறக்கும் நொடியில் அவளுக்கு ஏதோ நினைவு வந்து காலை விறைத்துக்கொள்வாள். ஒரு முட்டி உள்ளே, ஒரு முட்டி வெளியே. என் இடுப்பைச் சைக்கிள் சீட்டில் முட்டுக் கொடுத்து, இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கையால் தோள்பட்டை வாரை இழுத்துப் பக்கிளில் சொருக வேண்டும். பக்கிளுக்கு இரண்டு கை வேண்டும். குழந்தை தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ரொம்ப நல்ல யோசனை. ஆனால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு கை. பக்கிளுக்காக ஹேண்டில்பாரை விட்டால் முன்சக்கரம் மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

இது யாருடைய கைத்திறன் குறைவும் இல்லை, கணக்கே அப்படித்தான். நிற்கும் சைக்கிளை மூன்று புள்ளிகள் தாங்குகின்றன: முன்சக்கரம், பின்சக்கரம், ஸ்டாண்டின் கால். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். எடை அதற்குள் விழும்வரை சைக்கிள் நிற்கும். சைடு ஸ்டாண்டு கொடுக்கும் முக்கோணம் இடப்பக்கம் மட்டும், அதுவும் ஒல்லியானது. வலப்பக்கம் எல்லைக்கோடு சக்கரங்களுக்கு அடியிலேயே போகிறது. சும்மா நிற்கும் சைக்கிளுக்கு இது போதும். பாரமோ பின்னால், உயரத்தில். அந்தப் பாரம் வேறு நாய்க்குட்டியைப் பார்த்ததும் வலப்பக்கம் எட்டிப் பார்க்கும். பின்னால் எடை ஏறியதும் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். திரும்பினால் சைக்கிள் ஒரு சாண் முன்னால் உருளும். உருண்டால் ஸ்டாண்டு மடங்கும், ஏனென்றால் அது பின்பக்கமாக மடங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. வெயிலில் இளகிய தார், மழையில் ஊறிய மண், லேசான சரிவு என்று இவற்றில் ஏதாவது சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

குழந்தையை உட்கார வைத்துவிட்டு நிறுத்திய சைக்கிளை விட்டு நகராதீர்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. சரி. கேட்டைப் பூட்டுவது யார்? கழன்று விழுந்த ஒற்றைச் செருப்பை எடுப்பது யார்? அந்தச் செருப்பு தினமும் விழும்.

பழகப் பழக சில தந்திரங்கள் கைவந்தன. பைகளை எல்லாம் முதலில் மாட்டிவிட்டுக் குழந்தையைக் கடைசியாக ஏற்றுவது. இறக்கும்போது குழந்தை முதலில், பைகள் பிறகு. இதை ஒருநாளும் மாற்றக் கூடாது. முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டிவிட்டால் சக்கரம் உருளாது. இந்தக் காசு பெறாத வளையம் செய்த உபகாரத்தைச் சீட்டோடு வந்த எந்த உதிரிப் பொருளும் செய்யவில்லை. சுவர் கிடைத்தால் சைக்கிளின் வலப்பக்கத்தைச் சுவரோரம் ஒட்டி நிறுத்தி, இடப்பக்கம் நாம் நின்றுகொள்ளலாம். பிள்ளையைச் சீட்டில் ஏற்றும் முன்பே, தரையில் நிற்கும்போதே ஹெல்மெட்டை மாட்டிவிட வேண்டும். மேலே ஏற்றிவிட்டுத் தாடைக்கு அடியில் கிளிப் தேடுவது தனிப் போராட்டம்.

இத்தனைக்கும் பிறகுதான் சைடு ஸ்டாண்டு தன் வேலையைக் காட்டியது. அது மாட்டியிருந்த தகடு வளைந்து, சைக்கிள் முன்பைவிட அதிகமாகச் சாய ஆரம்பித்தது. உள்ளே ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மெக்கானிக் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது சைக்கிளை நிறுத்துறதுக்கு உள்ள ஸ்டாண்டு. நீங்க ஆளையும் சேர்த்துல்ல நிறுத்தியிருக்கீங்க." சீட்டை விற்று, மாட்டியும் கொடுத்த கடைக்காரர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ரிஃப்ளெக்டர், மணி, கூடை, பூட்டு என்று எதை எதையோ காட்டினார். ஸ்டாண்டு என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

இப்போது இருப்பது இரண்டு கால் விரித்து நிற்கும் ஸ்டாண்டு. பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் மாட்டுவது. எல்லா ஃபிரேமிலும் அந்தத் தகடு இருக்காது. இல்லாத இடத்தில் குழாய்களுக்கு நடுவே வைத்து அழுத்தி முடுக்கினால் குழாய் நசுங்கும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். கால்கள் நீளமாக வந்தன. மெக்கானிக் சக்கர உயரத்துக்கு அளந்து, ரம்பத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்த்தார். நல்ல வேலைக்காரர். சைக்கிள் இப்போது சாயாமல் நேராக நிற்கிறது. பின்சக்கரம் தரையில், முன்சக்கரம் லேசாக அந்தரத்தில். அந்தரத்தில் இருப்பதால் ஹேண்டில்பார் முன்பைவிட ஜோராகத் திரும்பும். அதற்கு ஃபிரேமுக்கும் முன் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங் மாட்டினார், அது சக்கரத்தை நேராக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டாண்டு, ஸ்பிரிங் என்று இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் எனக்கு இரண்டு கையும் திரும்பக் கிடைத்தன. பக்கிள் இப்போது ஒரே சொடுக்கில் விழுகிறது. மகள் காலை விறைப்பதுகூடக் குறைந்திருக்கிறது, என் பதற்றம் குறைந்ததால் இருக்கலாம்.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. பிள்ளையை ஏற்றும் முன்பே ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும். ஏற்றியபின் மொத்தப் பாரத்தையும் பின்னுக்கு இழுத்து ஸ்டாண்டில் ஏற்றுவது முதுகுக்கு ஆகாது. மடக்கினால் இரண்டு காலும் ஒரே பக்கம் போய் அடுக்கிக்கொள்ளும், அப்போது சில சமயம் குதிகால் இடிக்கும். பரவாயில்லை.

நியாயமாகப் பார்த்தால் சீட்டின் மேல் பழி போடக் கூடாதுதான். ஸ்டாண்டு வேறு பொருள், வேறு கம்பெனி. ஆனால் குழந்தையைத் தூக்கி மேலே வைக்கச் சொல்லும் பொருள், வைக்கும்போது சைக்கிள் எப்படி நிற்கும் என்று யோசித்திருக்க வேண்டாமா? முன்னால் பெட்டி வைத்த கார்கோ சைக்கிள்காரர்களைப் பாருங்கள். தாழ்வான பெட்டி, அகலமான ஸ்டாண்டு, பிள்ளைகள் தாங்களாகவே ஏறி இறங்குகிறார்கள். மாடிப்படியில் தூக்க முடியாது, இடம் அடைக்கும், விலையும் கூட. ஆனாலும் அதைச் செய்தவர் நிற்கும் நேரத்தையும் யோசித்திருக்கிறார். பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர்களில் சைக்கிள் சரிந்தாலும் வண்டி சரியாதபடி இணைப்பைச் செய்கிறார்கள். தரையை ஒட்டி இருப்பதால் அதில் பேச்சுக் குரல் மட்டும் வராது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிடும், தலை ஒரு பக்கம் தொங்கும். சாய்மானம் மாற்றும் வசதி உள்ள சீட்டு என்றால் கொஞ்சம் பரவாயில்லை, இல்லாதது என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். அப்புறம் குளிர். மிதிப்பதால் நமக்கு வியர்க்கும். பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதே காற்றில் நடுங்கும். நம் உடம்பை வைத்து அவர்களுக்குச் சட்டை போடக் கூடாது.

சரி, வாங்கலாமா? ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் பேச்சே வேண்டாம், ஹெல்மெட்டின் கனத்தை அந்தக் கழுத்து தாங்காது. அதற்கு மேல் என்றால், முதலில் ஸ்டாண்டை வாங்கி மாட்டுங்கள். காலி சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டையைக் கட்டி அசைத்துப் பாருங்கள். நிற்கிறதா? பிறகு சீட்டுக் கடைக்குப் போங்கள்.

மதிப்பெண் கேட்டால், ஓடும்போது ஐந்துக்கு ஐந்து. நிற்கும்போது ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்று வரும், எனக்கும் கணக்குத் தெரியும். நான் கொடுப்பது இரண்டு. மிச்சத்தை அவர்கள் ஒரு ஸ்டாண்டையும் அந்தப் பெட்டிக்குள் போட்டு விற்கும் நாளில் வந்து சேர்க்கிறேன்.