முட்டையும் கச்சானும் ஆகாத பிள்ளையோடு பூங்காவில் ஒரு மதியச் சாப்பாடு

மகளுக்கு இரண்டரை வயது. முட்டையும் கச்சானும் ஆகாது. கச்சான் என்றால் இந்தியாப் பக்கம் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். இந்த இரண்டையும் விலக்கிவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு வெளியில் சாப்பாடு கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்படி ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். ரோல்ஸை முட்டையில் தோய்த்துத்தான் பொரிக்கிறார்கள், பணிஸின் மேல் மினுங்குவது முட்டை, கொத்துரொட்டி போடுகிற தகட்டில் நாள் முழுக்க முட்டை உடைபடுகிறது, மிக்சர் பைக்கற்றில் கச்சான், கோயில் திருவிழா என்றால் வீதி நீளத்துக்குக் கச்சான் கடை. அதனால் பிள்ளை பிறந்ததிலிருந்து எங்கே போனாலும் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் போவோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். பட்டணத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஊஞ்சல், சறுக்கு, வாத்துகள் நிற்கும் குளம், வட்டமாக ஓடும் சின்ன ரயில் என்று பிள்ளைகளுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, அங்கே போய்ப் பழகியவர்களுக்கு எது என்று விளங்கும். அங்கே ஒரு பிழை நடந்தது, அது அந்த ஒரு இடத்தின் பிழை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டுப் பகுதி நல்லது, நிழலும் இருக்கிறது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மதியம் சோறும் கறியும், மேசையில் வரிசையாக வைத்திருப்பார்கள், நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த முறைதான் எனக்குப் பெரிய பயம். பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் முட்டைக் குழம்பு. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் முட்டைக் குழம்பு அகப்பையாலேயே பருப்பையும் அள்ளினார். அவர் பிழையாக ஒன்றும் செய்யவில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் அந்த நேரத்திலிருந்து அந்தப் பருப்பு என் பிள்ளைக்குரியது இல்லை.

பரிமாறும் தம்பியிடம் அலர்ஜி என்று சொன்னேன். "கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது அக்கா" என்றார். கேட்டுக் கேட்டுப் புளித்த பதில். கொஞ்சம்தான் பிரச்சினை என்பதை விளங்கப்படுத்தவே முடிவதில்லை. சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணை, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரிடமும் அலர்ஜி, ஒவ்வாமை என்று தொடங்கினேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன்: "அண்ணை, விரதக்காரருக்குச் செய்யிற மாதிரிச் செய்து தாங்கோ. மச்சம் புழங்கின சட்டி வேண்டாம், முட்டை பட்ட கரண்டி வேண்டாம். கச்சானும் அவளுக்கு மச்சம் மாதிரித்தான்."

"அப்ப எண்ணெயும் புதுசாத்தான் எடுக்கவேணும் என்ன?" என்று கேட்டார். எண்ணெயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரே கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மீன் வெட்டிய கத்தியை அம்மா கிணற்றடியில் எவ்வளவு தேய்த்துக் கழுவி வைத்தாலும் வெள்ளிக்கிழமைக் கறிக்கு அந்தக் கத்தி வராது. கந்தசஷ்டிக்குச் சட்டி வேறு, அகப்பை வேறு, சில வீடுகளில் அடுப்பே வேறு. பட்டாலே ஆகாது என்ற எண்ணம் எங்கள் சமையல்காரர்களின் கையிலேயே இருக்கிறது, நாங்கள்தான் அவர்களுக்கு விளங்காத சொல்லில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இலண்டனில் இருக்கும் என் அக்கா அங்குள்ள பூங்காக்களைப் பற்றிச் சொல்லும்போது பொறாமையாக இருக்கும். அங்கே 2014 டிசம்பரிலிருந்து சட்டம், 14 பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். முட்டை, கச்சான், பால், எள்ளு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கே அன்று எனக்கு அந்த வேலையை விரதம் என்ற ஒரு சொல் செய்து தந்தது.

அண்ணை மேசையில் இருந்த சோற்றைத் தொடவே இல்லை. உள்ளே பானையில் இன்னும் யாரும் அகப்பை வைக்காத சோறு, தனியாக எடுத்துத் தாளித்த பருப்பு, அப்புறம் சின்னத் தாச்சி ஒன்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உடைத்து, உருளைக்கிழங்கை விரல் அளவில் வெட்டிப் பொரித்தார். கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி, பரிமாறுபவரிடம் கொடுக்காமல் தானே கொண்டுவந்து வைத்தார். மகள் இரண்டு கையிலும் கிழங்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். கடைச் சாப்பாட்டை அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. தனிக் காசும் எடுக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சைவம் என்றால் முட்டைக்குப் பயமில்லை, ஆனால் கச்சானுக்கு அது காவல் இல்லை. சைவக் கடைச் சட்னியில் கச்சான் அரைத்திருக்கலாம், புளிச்சாதத்தில் இருக்கலாம். அதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

இனி அந்தப் பிழை. சாப்பாடு நன்றாக நடந்ததால் மனம் இளகிவிட்டது. வாசல் பக்க ஐஸ்கிறீம் கடையில் மகள் கையை நீட்டி அழுதாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன், வனிலாவில் முட்டையும் இல்லை கச்சானும் இல்லை. மேலே ஒன்றும் தூவ வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினேன். நாலு வாய் சாப்பிட்டிருப்பாள், உதட்டோரம் சிவந்து, நாடியில் தடித்துக்கொண்டு வந்தது. கடைப் பொடியன் பதறிப்போய் "நான் கச்சான் போடேல்லை அக்கா, சத்தியமா" என்றான். உண்மைதான், அவன் போடவில்லை. ஐஸ்கிறீம் கோரும் கரண்டி ஒரு வாளித் தண்ணீரில் கிடந்தது, வாளியின் அடியில் உடைத்த கச்சான் துண்டுகள் தெரிந்தன. எல்லாச் சுவைக்கும் அந்த ஒரே கரண்டி, அந்த ஒரே தண்ணீர்.

வைத்தியர் தந்த பாணி மருந்தைக் கொடுத்து நேரே ஆசுபத்திரிக்குப் போனோம். நாலு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். நல்லகாலம், தடிப்போடு நின்றுவிட்டது. அந்தப் பாணி சொறிக்குத்தான் உதவும். மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, பிள்ளை துவண்டாலோ அதற்கு மருந்து அதிரினலின் ஊசி, அதைத் தாமதிக்கக் கூடாது. வாகனம் இல்லாதவர்கள் 1990 இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பூங்காவின் முகாமையாளரிடம் தொலைபேசியில் கதைத்தேன். மறுத்துப் பேசவில்லை, முழுவதையும் கேட்டார், அதற்கு நன்றி. இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனபோது ஐஸ்கிறீம் கடையில் கச்சான் இருக்கிறது என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் கரண்டி அதே வாளியில்தான். கரண்டி ஒன்று கூடுதலாக வாங்கவும் தண்ணீரை மாற்றவும் என்ன செலவு வரப்போகிறது? இதைச் செய்யும்வரை அந்தக் கடைப் பக்கம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். மூடி முத்திரையிட்டு வரும் கப் ஐஸ்கிறீமும் அங்கே விற்கிறார்கள், தாளை வாசித்துவிட்டு அதை வாங்கலாம்.

கை கழுவும் இடத்திலும் ஒரு குறை. சவர்க்காரம் இல்லை, கை துடைக்கும் ஜெல் போத்தல்தான் இருக்கிறது. கிருமிக்கு அது சரி, கச்சானை அது கையிலிருந்து எடுக்காது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் எடுக்கும். ஊஞ்சல் சங்கிலியை எத்தனை பிள்ளைகள் கச்சான் தின்ற கையோடு பிடித்திருப்பார்களோ, ஆகவே ஒரு துண்டுச் சவர்க்காரம் கையோடு கொண்டுபோங்கள்.

முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும் என்று வைத்தியர் சொன்னார். கச்சான் அப்படியில்லை, ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் போகுமாம். ஆகவே இந்தக் கேள்விகளை நாங்கள் இன்னும் பல வருடம் கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.

போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே, சட்டிகள் மேசைக்கு வருவதற்குள், சமையலறை வாசலுக்குப் போய்விடுங்கள். முதல் நாள் போன் எடுத்து அந்த அண்ணை நிற்பாரா என்றும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு.