ஸ்விஃப்ட் பெட்ரோல்: பைபாஸில் ஒரு வண்டி, திம்பத்தில் வேறு வண்டி

ஈரோட்டில் 2021 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் ஓட்டுகிறேன், மேனுவல் கியர். வாங்க நினைக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது, "பிக்கப் (வேகம் பிடிப்பது) எப்படிங்க?" எந்த ரோடு, எத்தனை பேர், எந்த கியர் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பெருந்துறை பைபாஸில் தனியாகப் போனால் குறையே இல்லை. எடை 900 கிலோவுக்கும் குறைவு, பவர் 90 பிஎஸ் (குதிரைத்திறன்). மூன்றாவது கியரில் மிதித்தால் லாரியைச் சட்டென்று தாண்டிவிடும். அதே வண்டியில் ஐந்து பேரும் சாமானும் ஏறினால் 400 கிலோ சுமை. இன்ஜின் அதேதான், ஆனால் வேகம் பிடிப்பது கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஏசியும் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

நிஜமான பரீட்சை திம்பம் மலைப்பாதைதான். பண்ணாரி தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது கியரில் வளைவைத் திரும்பினால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, 1500க்கு வந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அமுக்கினாலும் வண்டி முனகத்தான் செய்யும். இதன் முழு டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) 113 நியூட்டன் மீட்டர், அது வருவதே 4400 ஆர்பிஎம்மில். விளம்பரத்தில் போட்ட 90 பிஎஸ் கிடைக்க 6000 வரை போக வேண்டும். மலையில் யார் அவ்வளவு முறுக்குகிறார்கள்? யோசிக்காமல் முதல் கியருக்கு இறக்கினால் ஆர்பிஎம் ஏறும், சக்கரத்துக்குப் போகும் இழுவையும் பெருகும், ஜம்மென்று ஏறிவிடும்.

மச்சானிடம் பழைய ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. பவர் 75 பிஎஸ்தான். ஆனால் 2000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க். அதனால் கியரை அவ்வளவாகத் தொடாமலே மலை ஏறிவிடுவார். அப்புறம் மேலே காபி குடிக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு!

ஊட்டிக்குப் போனால் இன்னொரு விஷயம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவி) இல்லாத இன்ஜினுக்குப் பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். கீழே ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து மேற்கே போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும். நூறைத் தொட நேரமெடுக்கும்.

வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டு ஆட்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் முப்பதில் போகும்போது மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள்.