சர்ஜிக்கல் கடையில் எதை வாங்கலாம்: மூன்று பந்து முதல் நீ கேப் வரை

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிறவரோடு மாத்திரைப் பையும் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் வீட்டுக்கு வரும். அதுதான் மூச்சுப் பயிற்சிக்கான ஸ்பைரோமீட்டர். விலை பெரும்பாலும் 200 முதல் 400 ரூபாய்க்குள். பிசியோதெரபி சாமான்களில் இவ்வளவு மலிவானது குறைவு. இந்த அளவுக்குத் தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் குறைவு.

முதல் தப்பு, ஊதுவது. இது ஊதுகிற கருவி இல்லை, உறிஞ்சுகிற கருவி. ஊதினால் பந்து இருந்த இடத்திலேயே கிடக்கும், கருவி ரிப்பேர் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோவார்கள்.

இரண்டாவது தப்பு சுலபத்தில் கண்ணில் படாது. மூன்று அறைகளிலும் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அது காற்றின் அளவு அல்ல, வேகம். நொடிக்கு எத்தனை மில்லி என்ற கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் ஒரே சமயத்தில் மேலே முட்டும், பக்கத்தில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அரை நொடி மட்டும் அப்படி இழுத்தால் உள்ளே போவது சுமார் 600 மில்லி. சும்மா உட்கார்ந்து மூச்சு விடும்போதே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 500 மில்லி போய்வருகிறது! அதே ஆள் முதல் பந்தை மட்டும் எழுப்பி 3 நொடி விழாமல் நிறுத்தினால் 1800 மில்லி போகும். ஆக, ஒரு பந்தை நிறுத்தி வைக்கிறவருக்குத்தான் நுரையீரல் விரிகிறது. பெட்டியோடு வரும் தாளில் இது இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

சரியான முறை இது. கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கருவியைச் சாய்க்காமல் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். சாய்த்தால் பந்து லேசாக ஏறி ஏமாற்றும். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, மவுத்பீஸை உதடு இறுக்கிக் கவ்வி, மெதுவாக உறிஞ்ச வேண்டும். பந்து ஏறியதும் முடிந்தவரை அங்கேயே நிறுத்தி, பிறகு குழாயை எடுத்துவிட்டு 2, 3 நொடி மூச்சைப் பிடித்து வெளியே விட வேண்டும். நடுவில் சாதாரண மூச்சு இரண்டு மூன்று. இப்படி 10 தடவை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை. முடிந்ததும் வயிற்றுத் தையல் அல்லது நெஞ்சுத் தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமிச் சளியை எடுக்க வேண்டும். தலை சுற்றினாலோ உதடு மதமதத்தாலோ வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். ஒருவர் கருவியை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது.

தையல் வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். அதனால் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றுப்பைகள் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் இந்தப் பயிற்சி. ஆனால் மேல்வயிற்று ஆபரேஷன் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மற்ற மூச்சுப் பயிற்சிகளைவிட இந்தக் கருவி மேலானது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றுதான் சொன்னது. எழுந்து நடப்பதும் ஆழ்ந்து மூச்சிழுப்பதும் இருமுவதும்தான் நிஜ வைத்தியம். கண்ணெதிரே ஏறி இறங்கும் பந்து அதை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவே. அந்த ஞாபகத்துக்கு 300 ரூபாய் கொடுக்கலாம்.

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வந்த சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) இளைப்புக்கு இதை வாங்குவது வீண். அவர்களுக்குக் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரிய சிக்கல். பழைய காற்று உள்ளேயே சிக்கிக் கிடக்கும். மூக்கால் 2 எண்ணிக்கை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணிக்கை விடுவதற்குக் காசே வேண்டாம். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோய்த் தினமும் கட்டிச் சளி வரும் பிராங்கியெக்டாசிஸ்காரர்களுக்கு வேண்டியது ஃப்ளட்டர். குட்டிக் குழாய்க்குள் எஃகு குண்டு இருக்கும். இதை ஊதத்தான் வேண்டும். குண்டு அதிர்ந்து சளியைக் கிளப்பும். 10 தடவை ஊதியபின், கண்ணாடியில் ஆவி படிய வைக்கிற மாதிரி வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாக விட்டால் சளி மேலே வரும். நுரையீரலுக்கு வெளியே காற்று சேரும் நிமோதோராக்ஸ் இருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் ஸ்பைரோமீட்டர், ஃப்ளட்டர் இரண்டையும் தொடக் கூடாது.

அடுத்து, 'கரண்ட் வைக்கிற மெஷின்' என்று ஊரில் சொல்லும் டென்ஸ். வலிக்கிற இடத்தில் பேட் ஒட்டி லேசான மின்சாரம் கொடுக்கும் கருவி. வீட்டு மாடல்கள் 1500 முதல் 3000 ரூபாய். தோலில் ஓயாமல் ஒரு கூச்சத்தைக் கொடுத்தால் வலிச் சேதி தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்ற கருத்தில் இயங்குவது. 1965-இல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன கதவுக் கோட்பாடு அதன் அடிப்படை. வழக்கமான செட்டிங் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை மின்துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 50 முதல் 100 மைக்ரோ நொடி, மொத்தம் 20 முதல் 30 நிமிடம். கூச்சம் பலமாகத் தெரிய வேண்டும், சதை துடிக்கக் கூடாது. ஹெர்ட்ஸ் எண்ணே இல்லாமல் 'மோடு 1, மோடு 2' என்று மட்டும் போட்டிருக்கும் மசாஜர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சுள்ளென்று குத்துகிறது என்ற புகாரில் பெரும்பாலும் மெஷின் மேல் தப்பிருக்காது. தைலம் தேய்த்த தோலில் பேட் ஒட்டியிருப்பார்கள், அல்லது பசை போன பேடின் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் முழுக்க அந்த ஓரத்தில் குவியும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டினால் போதும். பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் வைக்கக் கூடாது. சர்க்கரையால் மரத்துப்போன காலிலும் வேண்டாம், புண்ணானாலும் தெரியாது. முகவாதத்துக்கு என்று கன்னத்தில் ஒட்டிப் பார்க்கும் சொந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

முட்டித் தேய்மானத்துக்கு டென்ஸைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிகா நரம்பு வலியிலும் அரை மணி நேர ஆறுதலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த ஆறுதலில் எழுந்து நடப்பவருக்கு இது பிரயோஜனம். படுத்துக்கொண்டே கரண்ட் மட்டும் வைப்பவருக்குத் தண்டம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, மெஷினை ஓரம் வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முட்டியில் மாட்டும் இறுக்கமான உறையான நீ கேப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் இடத்தில் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். நடக்கும்போது போட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் கழற்ற வேண்டும். முட்டிக்குப் பின்னால் சுருண்டு ஆடுசதை வீங்கினால் சைஸ் சின்னது. தொடைத் தசை பலமாகாமல் முட்டி வலி குறையாது: சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து 5 நொடி அழுத்திப் பிடிப்பது, 10 தடவை, காலையும் மாலையும்.

அந்தக் காசுக்கு ஒரு வாக்கிங் ஸ்டிக் வாங்கினால் முட்டிக்கு இன்னும் நல்லது, ஆனால் வயசானவர் பட்டம் வந்துவிடும் என்று பலர் தொடமாட்டார்கள். வலது முட்டி வலித்தால் ஸ்டிக் இடது கையில். வலிக்கிற காலும் ஸ்டிக்கும் ஒன்றாக முன்னே போக வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பதைத்தான் தெருவில் அதிகம் பார்க்கிறோம். உயரத்துக்கு, செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு அளவில் இருக்க வேண்டும். அடி ரப்பர் புஷ் தேய்ந்தால் மொசைக் தரையில் வழுக்கும். புஷ் தனியாகவே விற்கிறார்கள், மலிவுதான்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டன்னலாக இருக்கலாம். சுண்டுவிரலும் மரத்தால் வேறு காரணம் தேட வேண்டும். கார்ப்பல் டன்னலுக்கு மணிக்கட்டு ஸ்பிளின்ட் நல்ல வாங்கல், அதுவும் தூங்கும்போது மட்டும், ஆறு வாரம் போட்டுப் பார்க்கலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைக்கும் காக்-அப் வகை. அந்த வளைவிலேயே போட்டுக்கொண்டால் நரம்புக்கு அழுத்தம் குறையாது. உள்ளங்கைப் பக்கத்து உறையில் உள்ள உலோகப் பட்டையை உருவி, கிட்டத்தட்ட நேராகும்படி கையால் நிமிர்த்தித் திரும்பச் செருகுங்கள். பட்டையை உருவ முடியாதபடி தைத்திருந்தால் அந்த மாடல் வேண்டாம்.