சிஸ்டோஸ்கோப்பி: வளையும் குழாயா, வளையாத குழாயா?

சிறுநீரில் ரத்தம் தெரிந்தது, அல்லது நீர்க்கடுப்பு மாத்திரைக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. "எதற்கும் ஒரு சிஸ்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம்" என்கிறார் யூராலஜிஸ்ட். சிறுநீர் வரும் வழியாகவே கேமரா வைத்த குழாய் சிறுநீர்ப்பைக்குள் போகும் என்று தெரிந்ததும் யாருக்கும் முதலில் வாயில் வருவது "வலிக்குமா?" என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "சும்மா பார்க்கப் போகிறீர்களா, இல்லை உள்ளே ஏதாவது செய்யவும் போகிறீர்களா?" எந்தக் குழாய், என்ன மயக்கம், பட்டினி உண்டா, துணைக்கு ஆள் வேண்டுமா எல்லாம் இதற்கு வரும் பதிலில்தான் இருக்கிறது.

இரண்டு கருவிகள்

வளையும் குழாய் சுமார் 5 மி.மீ. தடிமன். நுனியை மருத்துவர் ஒரு சின்ன நெம்புகோலால் திருப்புவார். சிறுநீர்ப்பைக்குள் போனதும் நுனியை முழுவதுமாகப் பின்பக்கம் மடக்கி, தான் வந்த வழியையே பார்க்க முடியும். வளையாத குழாய் எஃகால் ஆனது, நேரானது, பெரும்பாலும் 6 முதல் 7 மி.மீ. வரை இருக்கும். அது நுனியைத் திருப்பாது. மூலை முடுக்குகளைப் பார்க்க 30 டிகிரி, 70 டிகிரி என்று வெவ்வேறு கோணத்து லென்ஸ்களை மாற்றிப் போடுவார்கள்.

அப்படியானால் வளைவதுதானே மேல்? பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஆமாம். ஆனால் எஃகுக் குழாயின் உள்வழி அகலம். சலைன் வேகமாக உள்ளே பாய்ந்து வெளியேறும். ரத்தம் கலங்கியிருந்தாலும் கழுவிவிட்டுத் தெளிவாகப் பார்க்கலாம். கட்டியைச் சுரண்டி எடுக்க, கல்லை உடைக்க, பெரிய ரத்தக் கட்டிகளை வெளியேற்ற இதுதான் லாயக்கு. வளையும் குழாயால் கைகட்டி வேடிக்கை மட்டும்தான் பார்க்க முடியும் என்றும் நினைக்க வேண்டாம். டிஜே ஸ்டென்டை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதையில் வைத்திருக்கும் மெல்லிய குழாய்) பிடித்து இழுத்து எடுப்பது, ஒரு சிறு துணுக்கு பயாப்சி (சோதனைக்கான சதை) எடுப்பது போன்றவை அதிலேயே நடக்கின்றன.

(1879-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் நிட்சே வியன்னாவில் காட்டிய ஆரம்பகாலச் சிஸ்டோஸ்கோப்பில் வெளிச்சத்துக்குப் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி, அது சுடாமலிருக்கத் தண்ணீர் ஓட்டம். இன்றைய குழாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதை நினைத்து ஆறுதல் அடையலாம்.)

ஆணா, பெண்ணா என்பதும் கணக்கில் வரும்

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை சுமார் 4 செ.மீ., ஏறக்குறைய நேர்பாதை. ஆண்களுக்கு அது சுமார் 20 செ.மீ.; வளைவு உண்டு, நடுவில் புரோஸ்டேட் சுரப்பியைக் கடக்க வேண்டும். எனவே வளையும் குழாயால் பெரிய லாபம் அடைபவர்கள் ஆண்கள்தான். பெண்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால், மரத்துப்போகும் ஜெல் மட்டும் வைத்து எஃகுக் குழாயாலேயே பார்த்துவிடும் மருத்துவர்களும் உண்டு. "எனக்கு ஏன் பழைய குழாய்?" என்று மனம் கசக்கத் தேவையில்லை. ஆணுக்கு ஜெல்லோடு எஃகுக் குழாய் என்றால் மட்டும், வளைவது கிடைக்காதா என்று தாராளமாகக் கேளுங்கள்.

ஜெல்லா, மயக்கமா?

பலரும் தடுமாறும் இடம் இது. "மயக்கம் கொடுத்துவிட்டால் நிம்மதி" என்பது பாதி உண்மைதான்.

ஜெல் என்றால் லிடோகெய்ன் ஜெல். உள்ளே செலுத்திவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். வைத்த கையோடு குழாயை நுழைத்தால் மரப்பதற்கு நேரமே இருக்காது. "கொஞ்சம் பொறுத்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பதில் தவறே இல்லை. ஜெல் உணர்வை முழுக்கத் துடைத்துவிடாது. ஆண்களுக்குக் கடினமான கட்டம் ஒன்றே ஒன்று: சிறுநீரை அடக்கும் தசையையும் புரோஸ்டேட்டையும் குழாய் கடக்கும் அந்தச் சில நொடிகள். உடம்பு தானாகவே அங்கே இறுகும். அப்போது மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, சிறுநீர் கழிக்க முயல்வதுபோல் தசையைத் தளர்த்த வேண்டும். கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருப்பதும் கவனத்தைத் திருப்பும். அதே நொடியில் நர்ஸ் சலைன் பையைக் கையால் அழுத்தினால், நீர் வேகமாகப் பாய்ந்து வழியைத் திறந்துவிடும். ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்த எளிய வேலையாலேயே வலி குறைந்திருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பலருக்கு உதவுகிறது. அதற்குப் பிறகு சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப முட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். மொத்தமும் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்து, எழுந்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

முழு மயக்கத்திலோ முதுகில் போடும் ஊசியிலோ அந்த நேரத்து வலி தெரியாது. ஆனால் அதற்கு முன் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இசிஜி. வழக்கமாக 6 மணி நேரம் திட உணவு கிடையாது, வெறும் தண்ணீர்கூட 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். முதுகில் ஊசி என்றால் கால் மரப்பு விலகச் சில மணி நேரம் ஆகும், சிறுநீர் கழிக்கவும் தாமதமாகலாம். முழு மயக்கம் என்றால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது. சில நிமிட அசௌகரியத்துக்குப் பதிலாக ஒரு முழு நாள் போகிறது. வெறுமனே பார்ப்பதற்கு இது அதிகம் என்பதே என் எண்ணம். கடும் பதற்றம் உள்ளவர்கள், முன்பு ஒருமுறை மிகவும் வலித்தவர்கள், சிறுநீர்ப்பை சிறிது நிரம்பினாலே துடித்துப்போகிறவர்கள் விதிவிலக்கு. இவர்கள் கூச்சப்படாமல் மயக்கம் கேட்கலாம்.

ஒரே வேலைக்கு இரண்டு முறையா?

வளையும் குழாயில் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரு கட்டி இருக்கிறது, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும்" என்றால் இன்னொரு நாள் திரும்ப வர வேண்டும். ஸ்கேனிலேயே கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டால், முதல் படியைத் தாண்டி நேரே அறுவை அரங்கத்துக்குப் போவதும் உண்டு. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் கட்டி என்று எழுதியிருக்கிறது, ஆனாலும் முதலில் சும்மா பார்க்கலாம் என்கிறார்கள் என்றால், ஏன் இரண்டு முறை என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம்: கட்டியா, வெறும் ரத்தக் கட்டியா என்ற சந்தேகம், அல்லது இதய நோயால் மயக்கத்தைத் தள்ளிப்போடும் தேவை. காரணம் தெரிந்தால் நீங்களும் நிதானமாக முடிவெடுக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது, நேரே மயக்கம், எஃகுக் குழாய் என்றால், முதலில் வளையும் குழாயில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம்.

சரி, ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு இது? சிறுநீரகத்தையும் அங்கிருந்து இறங்கும் குழாய்களையும் பார்க்க ஸ்கேன்தான் சரி. சிஸ்டோஸ்கோப் அங்கே போகாது. ஆனால் சிறுநீர்ப்பைச் சுவரில் தட்டையாகப் படர்ந்திருக்கும் ஆரம்பநிலைப் புற்று ஸ்கேனில் தெரியாமல் போகலாம். சிறுநீரில் செல்களைப் பார்க்கும் சோதனை வீரியமான புற்றைப் பிடித்துவிடும், மெதுவாக வளர்வதைத் தவறவிடும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது. புகை பிடிப்பவர்கள், வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து நின்றுபோனாலும், அலட்சியப்படுத்த வேண்டாம்.

போவதற்கு முன், வந்த பின்

சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் எந்தக் குழாயானாலும் தள்ளிவைக்கப்படும். அன்று காலை எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தொற்று இல்லாத ஆரோக்கியமானவருக்கு, வெறும் பார்வைக்கு ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவையில்லை என்பது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் நிலைப்பாடு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்துவதில்லை, கட்டி எடுப்பது என்றால் நிறுத்த நேரலாம். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்புச் சிறுநீரும் எந்தக் குழாய்க்கும் பொது. தண்ணீர் நிறையக் குடித்தால் அடங்கிவிடும். கட்டி எடுத்திருந்தால் கத்தீட்டரோடு (சிறுநீரை வெளியேற்ற வைக்கும் குழாய்) ஓரிரு நாள் இருக்க வேண்டி வரலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டி கட்டியாக ரத்தம், முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் இறங்காதது, இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சும்மா பார்த்ததற்கு முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். பயாப்சி எடுத்திருந்தால் பதில் ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும். எத்தனை நாளில், யாரிடமிருந்து வரும் என்பதைக் கிளம்புமுன் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியாத நிலையில் சொன்னது நினைவில் நிற்காது, கூட வந்தவர் கேட்டுவைப்பது நல்லது.