முதல் நிமிட வேகத்துக்கா காசு, பத்தாவது நிமிட வேகத்துக்கா?

சாம்சங் 870 கியூ.வி.ஓ., சாம்சங் 870 ஈவோ. இரண்டும் சாட்டா என்ற இணைப்பு வழியாகக் கணினியில் பொருத்தும் எஸ்.எஸ்.டி.கள் (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்குகள்), இரண்டிலும் 1 டி.பி. மாடலை எடுத்துக்கொள்வோம். விவரக் குறிப்பைப் பார்த்தால் எழுதும் வேகம் இரண்டுக்குமே நொடிக்கு 530 எம்.பி. கியூ.வி.ஓ. விலை குறைவு. அப்புறம் ஈவோவுக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

இரண்டிலும் 100 ஜி.பி. காப்பி செய்து பார்த்தால் தெரிந்துவிடும். கியூ.வி.ஓ.வில் விண்டோஸ் காட்டும் அந்தப் பச்சை வரைபடம் முதல் ஒன்றேகால் நிமிடம் உச்சியில் நிற்கும். 42 ஜி.பி. தாண்டியதும் செங்குத்தாக விழுந்து, நொடிக்கு 80 எம்.பி.யில் போய் உட்காரும். மீதி 58 ஜி.பி.க்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் உங்கள் எஸ்.எஸ்.டி. ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக ஓடுகிறது. ஈவோ அதே வேலையை மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் முடித்துவிடும்.

காரணம் உள்ளே இருக்கும் சிப். ஈவோவில் ஒரு செல்லுக்கு (சிப்பில் தரவு தங்கும் மிகச் சிறிய அறை) 3 பிட், கியூ.வி.ஓ.வில் 4 பிட். 4 பிட் என்றால் ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிசகில்லாமல் பிரித்து எழுத வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் இடத்தை மட்டும் செல்லுக்கு 1 பிட் என்று வேகமாக எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் சும்மா இருக்கும்போது அதை நிதானமாக 4 பிட்டுக்கு மாற்றிக்கொள்கிறது. இந்தத் தற்காலிக இடம்தான் கேஷ். அது இருக்கும் வரை கிடைக்கும் வேகம்தான் பர்ஸ்ட் வேகம். ஈவோவிலும் கேஷ் உண்டு. ஆனால் அது தீர்ந்தாலும் 1 டி.பி. மாடலில் வேகம் குறைந்தது தெரியாது, 3 பிட் எழுத்தே சாட்டாவின் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: கியூ.வி.ஓ.வின் 42 ஜி.பி. கேஷில் நிரந்தரமானது 6 ஜி.பி.தான். மீதி 36 ஜி.பி., டிஸ்க்கில் காலி இடம் இருந்தால்தான் கிடைக்கும். 36 ஜி.பி.யை ஒற்றை பிட்டாக எழுத, நான்கு மடங்கு, அதாவது 144 ஜி.பி. இடம் வேண்டும் அல்லவா? டிஸ்க் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும். புதிதாக வாங்கிய அன்று எடுக்கும் ஸ்பீடு டெஸ்டில் இது எதுவும் தெரியாது.

என் தீர்ப்பு: விண்டோஸ், பிரவுசர், ஆபீஸ் வேலை, கேம் என்று இருப்பவருக்கு கியூ.வி.ஓ. தாராளமாகப் போதும், 42 ஜி.பி.யை ஒரே மூச்சில் எழுதும் நாள் அவருக்கு வருவதே அபூர்வம். கல்யாண வீடியோ எடுத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நாலு மெமரி கார்டைக் கொட்டுகிறவர் ஈவோ பக்கம் போவதே நல்லது. கியூ.வி.ஓ.தான் வேண்டும் என்றால் 2 டி.பி.யாக வாங்கட்டும்: கேஷ் 78 ஜி.பி., அது தீர்ந்த பிறகும் 160 எம்.பி. கிடைக்கும்.

பிராசசரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே தீர்ந்துபோவது இடம் அல்ல, சூட்டைத் தாங்கும் அவகாசம். 2020 நவம்பரில் ஆப்பிள் ஒரே எம்1 சிப்பை மேக்புக் ஏரிலும் 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் போட்டது. ஏரில் ஃபேன் கிடையாது, ப்ரோவில் உண்டு. முதல் சில நிமிடங்கள் இரண்டும் ஒன்றுதான். நீண்ட வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால், சூடு ஏறியதும் ஏர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ப்ரோ அப்படியே ஓடும். எஸ்.எஸ்.டி. போலத் தடாலென்று விழாது, மெதுவாகச் சரியும். அதனால் பெரும்பாலோருக்கு ஏரைத்தான் சொல்வேன். சத்தமே இல்லாத லேப்டாப்பின் சுகம் தனி. பிராசசர் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள் அதே 2020 நவம்பரில்தான் வந்தது; அதில் சோதனை பத்து நிமிடம் ஓடுவதே வழக்கமான அமைப்பு. ரிவ்யூ படிக்கும்போது ஒரு சுற்று மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் பத்து நிமிட எண்ணைத் தேடுங்கள்.

டெஸ்க்டாப்பில் இன்டெல் இதற்குக் கணக்கே எழுதிவைத்திருந்தது. கோர் ஐ9-10900கே என்ற பிராசசர் 250 வாட் மின்சாரம் வரை இழுக்கலாம். 56 நொடியை அடிப்படையாகக் கொண்ட ஒரு சராசரி 125 வாட்டைத் தொட்டதும் அங்கேயே அடங்க வேண்டும். சராசரி என்பதால், ஒரு கனமான வேலை முடிந்த கையோடு அடுத்ததைக் கொடுத்தால் முழு உச்சம் கிடைக்காது. மதர்போர்டு கம்பெனிகள் பல இந்த எல்லையைத் தூக்கிக் கடாசிவிட்டன. கடைசியில் பின்னால் வந்த ஐ9-12900கே பிராசசரில் இன்டெல்லே 241 வாட்டை நிரந்தரமாக அனுமதித்துவிட்டது. பர்ஸ்ட் போனது, பெரிய கூலர் வாங்கும் செலவு வந்தது.

சர்வரை வாடகைக்கு எடுக்கும் கிளவுடில் இதே விஷயம் பில்லாக வரும். அமேசானின் டி3.லார்ஜ், எம்5.லார்ஜ் என்ற வாடகை சர்வர்கள் இரண்டிலும் 2 விசிபியு (மெய்நிகர் பிராசசர்), 8 ஜி.பி. மெமரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லினக்ஸுக்கு மணிக்கு முறையே 8.32 சென்ட், 9.6 சென்ட். டி3 வேலை செய்வது மாடித் தொட்டி மாதிரி: ஊறிவருவது 30 சதவீத வேகம், சும்மா இருக்கும்போது தொட்டி நிரம்பும், கூட்டம் வரும்போது குழாயை முழுக்கத் திறந்துகொள்ளலாம். தொட்டித் தண்ணீருக்குப் பெயர் கிரெடிட், மணிக்கு 36 சேரும். ஒரு விசிபியுவை ஒரு நிமிடம் முழுதாக ஓட்டினால் ஒரு கிரெடிட் போகும்.

தீர்ந்தால்? பழைய டி2வில் வேகம் அடிப்படைக்கு விழுந்துவிடும், வெப்சைட் ஏன் தவழ்கிறது என்று தெரியாமல் கோடிங்கில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். டி3யில் வழக்கமான அமைப்பே 'அன்லிமிடெட்'. வேகம் விழாது, கூடுதல் விசிபியு-மணிக்கு 5 சென்ட் ஏறும். இரண்டு விசிபியுவும் நாள் முழுக்க 100 சதவீதம் ஓடினால் மணிக்கு 7 சென்ட் கூடி, மொத்தம் 15.32 சென்ட். மலிவென்று எடுத்தது எம்5ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல்! சராசரி பயன்பாடு 42, 43 சதவீதத்தைத் தாண்டினாலே எம்5தான் லாபம். பகலில் நாலு பேர் திறந்து பார்க்கும் கம்பெனி இணையதளத்துக்கு டி3. இடைவிடாமல் வீடியோ மாற்றும் சர்வருக்கு எம்5. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

அதே அமேசானின் டிஸ்க்குகளில் போட்டி ஒருதலைப்பட்சம். ஜிபி2 என்ற டிஸ்க் வகையில் 100 ஜி.பி. வாங்கினால் அடிப்படை 300 ஐஆப்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்கலாம், எழுதலாம் என்ற எண்ணிக்கை), பர்ஸ்ட் 3000. கையிருப்பு 54 லட்சம் கிரெடிட். முழு வேகத்தில் 33 நிமிடத்தில் காலி, திரும்ப நிரம்ப ஐந்து மணி நேரம். 2020 டிசம்பரில் வந்த அடுத்த வகையான ஜிபி3யில் அளவு எதுவானாலும் 3000 ஐஆப்ஸ் நிரந்தரம், ஒரு ஜி.பி.க்கான விலையும் 20 சதவீதம் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 170 ஜி.பி.க்கு மேற்பட்ட ஜிபி2 நொடிக்கு 250 எம்.பி. வரை போகும், ஜிபி3யில் இலவசமாகக் கிடைப்பது 125. பேக்கப் ஓடும் அப்படிப்பட்ட பெரிய டிஸ்க் என்றால் மாற்றும்போதே அந்த எண்ணை 250க்கு ஏற்றிவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.