மூன்று எம்ஆர்ஐ, ஒரு கேஸ் மாத்திரை

அம்மா வாசலில் போடும் கோலம் சின்னதாகிக்கொண்டே வந்ததைத்தான் முதலில் கவனித்தோம். ஆடியில் பதினைந்து புள்ளி வைத்தவர், ஐப்பசிக்குள் ஐந்து புள்ளிக்கு வந்துவிட்டார். நடை தளர்ந்தது. முகத்தில் சிரிப்பே ஏறவில்லை. இரண்டு கையும் நடுங்கின. வயது 63.

எங்கள் ஊரில் நரம்புக்கென்று இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் அம்மாவின் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "முதல்ல எம்ஆர்ஐ ஸ்கேன்" என்று சீட்டு எழுதிவிட்டார். ஸ்கேன் சென்டர் அதே கட்டடத்தின் கீழ்த்தளம். 7,500 ரூபாய். சாயங்காலம் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்கே வெள்ளை வெள்ளையா தெரியுதே, பார்க்கின்சன்தான்" என்றார். ரிப்போர்ட்டில் இருந்ததோ வயதுக்கேற்ற மாற்றங்கள் என்கிற ஒற்றை வரி. அதைப் படித்தேன். படித்தும் கேட்கவில்லை, டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிவிட்டேன்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஒரே குமட்டல். நெஞ்செரிச்சலுக்காக வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த கேஸ் மாத்திரையை அம்மா சித்திரையிலிருந்தே விழுங்கிக்கொண்டிருந்தார். "அதையே ரெண்டு வேளையா போடுங்க" என்றார் இவர். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எம்ஆர்ஐ. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கணுமாம். மூன்றாவது ஸ்கேன் எடுக்கும்போது அம்மாவால் படுக்கையில் தானாகப் புரண்டு படுக்கவே முடியவில்லை.

கடைசியில் மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த நரம்பியல் டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், வராந்தாவில் நடக்கவிட்டார். மூன்று ஃபிலிமுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. "வீட்டுல சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் எடுங்க சார்" என்றார். கேஸ் மாத்திரை அட்டையைத் திருப்பி, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினார்: லெவோசல்பிரைடு.

பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் என்ற, உடல் அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. இந்த மாத்திரை செல்லை அழிப்பதில்லை, டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும்; அம்மாவுக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி நடுங்கியதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. அடைத்துவைத்த வாசலில், மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபாவை எவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினாலும் என்ன பிரயோஜனம்? அது கிளப்பிய குமட்டலுக்கு அடைப்பையே இரட்டிப்பாக்கியிருக்கிறோம்.

அப்படியானால் எம்ஆர்ஐ எதற்கு? கட்டி, பக்கவாதம், மூளையில் நீர் கோர்ப்பது போன்றவை இல்லை என்று உறுதி செய்ய. அதற்கு ஒரு தடவை எடுத்தால் போதும். பார்க்கின்சன் உள்ளவருக்கும் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும். அதனால் 'ஸ்கேன் நார்மல், பார்க்கின்சன் இல்லை' என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கை, கால், நடையைச் சோதித்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மதுரை டாக்டர் கேஸ் மாத்திரையை நிறுத்தினார். லெவோடோபாவைப் படிப்படியாகக் குறைத்தார் (அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, நீங்களாக எதையும் செய்யாதீர்கள்). நாலு மாதத்தில் நடை திரும்பிவிட்டது. நடுக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் டிரோடாட் என்ற ஸ்பெக்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, நாலு மணி நேரம் உட்காரவைத்து அப்புறம் படம் எடுத்தார்கள். டோபமைன் செல்கள் நன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி மாதிரி தெரியுமாம். செல்கள் குறைந்தால் வால் தேய்ந்து வெறும் புள்ளியாகிவிடுமாம். அம்மாவுக்கு இரண்டும் வாலோடு இருந்தன. பார்க்கின்சனா, அதைப்போன்ற வேறு அரிய நோய்களா என்று பிரித்துச் சொல்ல இந்த ஸ்கேனாலும் முடியாது என்பதையும் அவரே சொன்னார். தனக்குத் தெரியாததைச் சொல்லும் டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஃபிலிம்களை எடுத்துக்கொண்டு பழைய கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பிஸி, பார்க்க முடியாது என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை. மார்கழியில் ஒருநாள் காலையில் போன் மட்டும் வந்தது. அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"சார், அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் ட்யூ ஆயிடுச்சு. இந்த மாசம் எடுத்தா பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட்."