முள்ளில்லாத பிளாக்பெர்ரி நாற்று: ஏற்காட்டில் ஐந்துக்கு ஒன்றரை

செடி உயிரோடு வந்து சேர்ந்தது, அதற்கு ஒரு மதிப்பெண். வேரைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் உறை, தண்டு முறியாமல் ஒரு மூங்கில் குச்சி. பேக்கிங்குக்கு அரை மதிப்பெண். மீதி மூன்றரைக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் நாற்று விற்கும் ஒரு நர்சரியில் 450 ரூபாய் கொடுத்து என் மகள் வாங்கி அனுப்பினாள். "இதுல முள்ளே கிடையாதாம்ப்பா, இனிமே கையக் கிழிச்சுக்க வேண்டாம்" என்றாள். அவள் கவலையும் நியாயம்தான். எங்கள் கொல்லையில் காபிச் செடிகள் முடிந்து வேலி தொடங்குகிற இடத்தில், பிளாக்பெர்ரிக்கு உறவான முள்ளுப்பழப் புதர் மண்டிக் கிடக்கிறது. பறிக்கப் போனால் சட்டையும் தப்பாது, தோலும் தப்பாது.

'எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது, சீக்கிரமே காய்க்கும்' என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். செடி ஆள் உயரம் தாண்டியது. இலை பளபளவென்று இருந்தது, சொன்னபடி முள்ளும் இல்லை. பூவும் இல்லை. அடுத்த வருடமும் இல்லை. கேட்டால், "யூரியா போடுங்க சார்" என்று பதில் வந்தது. நான் காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்கெனவே இலை கொழுத்து நிற்கிற செடிக்கு யூரியா போட்டால் இன்னும் இலைதான் வரும்.

காரணம் குளிர். இந்த முள்ளில்லாத ரகங்களில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் உருவானவை. 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் பட்டால்தான் அவற்றின் மொட்டு ஒழுங்காக விழிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் கம்பளி இல்லாமல் முடியாதுதான், ஆனாலும் அந்த அளவு குளிர் இங்கே கிடையாது. இதைத் தெரிந்து விற்றார்களோ, தெரியாமல் விற்றார்களோ, மூன்றரை மதிப்பெண் இதில்தான் போயிற்று.

இதற்கெல்லாம் நடுவில், யாரும் தண்ணீர்கூட ஊற்றாத வேலியோரப் புதர் வருடம் தவறாமல் காய்க்கிறது. இளந்தண்டில் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் பூச்சு, இலையின் அடிப்பக்கமும் வெளுப்பு. பழம் சிவந்து, பிறகு கறுக்கும். புளோரிடாவில் இதையே மைசூர் ராஸ்பெர்ரி என்ற பெயரில் நட்டு வளர்க்கிறார்கள். நாம் இதை வெட்டி எறிந்துவிட்டு நாற்றுக்குப் பணம் கட்டுகிறோம்!

இதை வளர்க்கத் தனி வித்தை வேண்டாம், அடக்கத்தான் தெரிய வேண்டும். ஒரு தண்டு முதல் வருடம் வளரும், அடுத்த வருடம் காய்க்கும், அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. காய்த்து ஓய்ந்ததை அடியோடு வெட்டிவிட்டு, புதுத்தண்டில் நாலைந்தை மட்டும் வைத்துக் கம்பியில் கட்டுகிறேன். வெல்டிங் பட்டறையில் போடுகிற தோல் கையுறை இதற்கு நன்றாக உதவுகிறது. புதுச்செடி வேண்டுமென்றால் மழைக்காலத்தில் தண்டின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்தால் போதும், வேர் விடும். கவனிக்காமல் விட்டால் அதுவாகவே நுனி ஊன்றி நடந்து போய்விடும். கலாபகஸ் தீவுகளில் கொண்டுபோய் வைத்தது இப்போது அங்கே பெரிய களை.

பழத்தைக் கறுத்த பிறகுதான் பறிக்க வேண்டும். செங்காயாகப் பறித்து வைத்தால் பழுக்காது. தொட்டதும் குல்லாய் மாதிரி கழன்று வந்தால் சரியான பதம். கொண்டைக்குருவிகளுக்கும் இந்தப் பதம் தெரியும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பறித்ததை மறுநாள்வரை வைத்தால் நசநசத்துவிடும்.

பெரும்பகுதி ஜாமுக்குப் போகிறது. அது என் மனைவியின் துறை. கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. நன்றாகப் பழுத்ததில் இறுகும் தன்மை குறைவு, அதனால் கொஞ்சம் செங்காயும் சேர்ப்பாள். விதை அதிகம், பழத்தை வேகவைத்து வடிகட்டிய பிறகுதான் சர்க்கரை போடுவாள். சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். பாட்டில் மட்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும். கடை ஜாமின் திகட்டல் இதில் இல்லை, புளிப்பு முன்னால் நிற்கும். எனக்குத் தோசையோடு பிடிக்கும். பேரனுக்குத் தயிரில் கலந்தால்தான்.

450 ரூபாய்ச் செடியை இன்னும் பிடுங்கவில்லை. அதன்மேல் மிளகுக் கொடி ஏறத் தொடங்கியிருக்கிறது, ஏறட்டும்.

கீழே சேலத்தில் இருந்துகொண்டு இந்த நாற்றை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்த வெயிலுக்கு மல்பெரி வையுங்கள். தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்கு வளர்க்கிற அதே இனம்தான். குச்சி ஊன்றினாலே பிடிக்கும், முள்ளும் கிடையாது.